நூறு ரூபாய்க்கு மீதி நூற்றெழுபத்தைந்து

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் நோட்டில் 100 − 75 = 175 என்று போட்டுக் கொண்டுவந்து நீட்டினான். சிவப்புப் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டேன். "நூறுல இருந்து எடுத்தா நூறை விடக் கூடவாடா வரும்?" என்று ஓர் அதட்டலும் போட்டேன். அவன் ஒன்றும் சொல்லாமல் போய் உட்கார்ந்துகொண்டான்.

அன்று சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் அவனுடைய பாட்டி பூக்கூடையோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவன். ஓர் அம்மா மூன்று முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு நூறு ரூபாய்த் தாளை நீட்டினார். முழம் இருபத்தைந்து. பாட்டி பூவை இலையில் சுற்றி முடிப்பதற்குள் இவன் டப்பாவிலிருந்து இருபத்தைந்து ரூபாயை எடுத்து அந்த அம்மாவின் கையில் வைத்துவிட்டான். காலையில் எனக்குப் போட்டுக் காட்டிய அதே கணக்கு. விரல் விடவில்லை, முணுமுணுக்கவில்லை, மேலே பார்த்து யோசிக்கக்கூட இல்லை. எனக்குத்தான் பேருந்து வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

எங்கள் பள்ளி நிலக்கோட்டைப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஈராசிரியர் பள்ளி. நான்கையும் ஐந்தையும் தலைமை ஆசிரியை பார்த்துக்கொள்வார். ஒன்று, இரண்டு, மூன்று மூன்றும் என் அறையில். இது பூ விளைகிற வட்டாரம். விடிவதற்கு முன்பே பறிக்கப் போய்விடுவார்கள், பிள்ளைகளும் சில நாள் கூடப் போவார்கள். முகூர்த்த நாள் வந்தால் வருகைப் பதிவேட்டில் அது தெரிந்துவிடும். இப்படிப்பட்ட ஊரில் பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்று நான் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் அவனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தேன். "பாட்டி கடையில எப்படிடா போட்ட?"

"எழுபத்தஞ்சோட அஞ்சு சேத்தா எம்பது. அப்புறம் இருபது. நூறு ஆச்சுல்ல."

"சரி, நோட்டுல?"

கொஞ்சம் தயங்கினான். "சைபர்ல இருந்து அஞ்சு போகாதுல்ல டீச்சர். பெருசுல இருந்துதான் சின்னதைக் கழிக்கணும்னு நீங்கதான் சொன்னீங்க. அதான் அஞ்சுல இருந்து சைபரைக் கழிச்சேன்."

சொன்னது உண்மைதான். இரண்டாம் வகுப்பில் கழித்தலைத் தொடங்கும்போது நான் சொல்லித் தந்த விதி அது. கடன் வாங்காத கணக்குகளில் அது எப்போதும் சரியாக வரும். அதை அப்படியே வைத்துக்கொண்டு, ஒன்றாம் இடத்தில் 5, பத்தாம் இடத்தில் 7, நூறாம் இடத்து 1 தனியாக இருந்ததால் அதை இறக்கி, 175 என்று போட்டிருக்கிறான். நான் சொன்ன சொல்லைத் தட்டாமல் செய்ததற்குத்தான் பெருக்கல் குறி வாங்கியிருக்கிறான்.

அன்று மதியம் மூன்றாம் வகுப்பின் பதினொரு நோட்டுகளையும் எடுத்துவைத்துப் பார்த்தேன். 52 − 27 என்ற கணக்கில் ஆறு பேர் 35 போட்டிருந்தார்கள். ஆறு பேருக்கும் ஒரே விடை. கவனக்குறைவு என்றால் ஆளுக்கு ஒரு விடை அல்லவா வர வேண்டும்?

தெருவில் வருகிற கணக்கு தாளில் வராமல் போவது உலகம் முழுக்க உள்ள சங்கதிதான். பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரத்தில் இளநீரும் பழமும் விற்றுக்கொண்டிருந்த ஐந்து சிறுவர் சிறுமியரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 1985இல் வெளிவந்தது. வாங்குகிறவர் மாதிரி போய்க் கேட்டபோது நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரியாகச் சொன்னார்கள். அதே மாதிரிக் கணக்கை எண்ணும் குறியுமாகக் கொடுத்தபோது முப்பத்தேழுக்கு இறங்கிவிட்டது. ஒரு பயிற்சியில் இதைக் கேள்விப்பட்டுத் தலையாட்டிவிட்டு வந்தவள்தான் நானும். என் வகுப்பிலேயே ஒருவன் பூ விற்றுக்கொண்டிருக்கிறான் என்பது அப்போது தோன்றவே இல்லை.

செயல்பாடு என்பது எங்களுக்கு ஒன்றும் புதிது இல்லை. பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே செய்து படிக்கிற செயல்வழிக் கற்றல் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, அடுத்த சில வருஷங்களில் மாநிலம் முழுக்க வந்தது. அட்டைகள், அவற்றின் வரிசையைக் காட்டும் ஏணிப்படி, பாய், பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. ஆசிரியரைத் தரையில் உட்காரவைத்ததே அதன் பெரிய சாதனை என்பேன். ஆனால் நாளாக ஆக, எந்தப் பிள்ளை எந்த அட்டையில் இருக்கிறது என்பதுதான் பேச்சானது. அந்த அட்டையை வைத்துக்கொண்டு பிள்ளை என்ன நினைக்கிறது என்று யாரும் கேட்டதாக ஞாபகம் இல்லை. 2022 ஜூனில், சின்ன வகுப்புகளுக்கு அடிப்படை எழுத்தையும் கணக்கையும் சொல்லித் தரும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. கொரோனாவால் மூடிக்கிடந்த பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்று சின்ன வகுப்புகளுக்குத் திறந்தபோது, பேனா பிடிக்கவே தெரியாத பிள்ளைகள் மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த எவருக்கும் அதன் தேவை புரியும். அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லித் தருவது நல்ல ஏற்பாடு. பாடல் களம், கதைக் களம் என்று அறைக்குள் மூலைகள் ஒதுக்கியதும் பிள்ளைகளுக்குப் பிடித்தது. கூடவே புகைப்படமும் வந்து சேர்ந்தது. செயல்பாடு என்றால் படத்தில் நன்றாக வர வேண்டும் என்று நமக்கு நாமே ஒரு விதி வைத்துக்கொண்டோம்.

என் முதல் கடை விளையாட்டு அந்த வகைதான். மேசை போட்டு, காலி சோப்பு உறை, ஷாம்பு பாக்கெட், பிஸ்கட் தாள் எல்லாம் அடுக்கி, விலைச் சீட்டு ஒட்டி, தலையில் துண்டு கட்டி ஒருவனைக் கடைக்காரராக்கினேன். படம் பிரமாதமாக வந்தது. நாற்பது நிமிஷத்தில் கணக்குப் போட்டது மூன்றே பேர். ஏற்கெனவே போடத் தெரிந்த மூன்று பேர். ஒரு பெண் பிள்ளை முழு நேரமும் ஒரு சோப்பு உறையை மோந்து பார்த்துக்கொண்டே நின்றாள். மற்றவர்கள் தள்ளிவிட்டார்கள், கத்தினார்கள், சிரித்தார்கள். மகிழ்ச்சியாகத்தான் இருந்தார்கள், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கழித்தல் மட்டும் நடக்கவில்லை.

175க்குப் பிறகு அதே கடையை வேறு மாதிரி வைத்தேன். நேராகக் கடைக்குப் போகவில்லை. முதலில் ஈர்க்குச்சி. ஒரே அளவாக ஒடித்து, பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டு. ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் வைத்துக்கொண்டு அதில் ஏழு உதிரியைக் கொடு என்றால், பிள்ளைக்குக் கட்டைப் பிரிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. யாரும் சொல்லித் தராமலே பிரித்துவிடும். பத்து ரூபாய் நோட்டில் இந்த வசதி கிடையாது. அதற்குள்ளே பத்து ஒன்று இருப்பது கண்ணுக்குத் தெரியாது. ஆகவே கட்டு முதலில், நோட்டு பிறகு. (புளியங்கொட்டையும் வைத்துப் பார்த்தேன். வாரா வாரம் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. எறும்பு என்று நினைத்தேன். மதிய உணவு அடுப்பின் ஓரத்தில் சுட்டுத் தின்றிருக்கிறார்கள்.)

ஒரு வாரம் கட்டுப் பிரித்தபின் கடையைத் திறந்தோம். தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பிள்ளைகளே நோட்டு வரைந்தார்கள். ஒன்று, பத்து, நூறு மட்டும். ஆளுக்கு ஐந்து பத்து, இரண்டு ஒன்று. கடைக்காரர் மீதி தரமாட்டார், சரியான சில்லறைதான் கொடுக்க வேண்டும். சில்லறை இல்லையென்றால் மூலையில் இருக்கும் சில்லறைக்காரரிடம் போய் மாற்றிக்கொண்டு வரலாம். அந்த இடத்தில், சோப்பு உறையை மோந்துகொண்டு நின்றவளை உட்காரவைத்தேன்.

வகுப்பு முழுவதும் அவளிடம்தான் வந்தாக வேண்டும். முதல் நாள் ஒருத்திக்கு ஒன்பது ஒன்றைக் கொடுத்துவிட்டாள், பெரிய சண்டை. இரண்டாம் நாள் அவளாகவே ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை அடுக்கி, வந்தவரை எண்ணச் சொல்லிவிட்டுக் கொடுக்க ஆரம்பித்தாள். நான் சொல்லித் தரவில்லை. வங்கியில் பார்த்திருப்பாளோ என்னவோ.

ஒவ்வொருவரும் நோட்டில் மூன்று வரி எழுத வேண்டும். கையில் இருந்தது: 5 பத்து, 2 ஒன்று. மாற்றிய பிறகு: 4 பத்து, 12 ஒன்று. 27 கொடுத்த பிறகு: 2 பத்து, 5 ஒன்று. இந்த மூன்று வரிதான் உண்மையில் கழித்தல். மேலே சின்னதாக எழுதி அடித்துத் திருத்துகிற வழக்கமான முறை இதன் சுருக்கெழுத்து, அவ்வளவே. நாம் சுருக்கெழுத்தை முதலில் கற்றுக்கொடுத்துவிட்டுப் புரியவில்லை என்கிறோம்.

ஒரு சொல்லையும் மாற்றினேன். ‘கடன் வாங்குதல்’ என்பதை விட்டுவிட்டு ‘சில்லறை மாற்றுதல்’ என்று சொல்ல ஆரம்பித்தேன். எங்கள் ஊரில் கடன் என்றால் என்ன என்பது எட்டு வயதுக்கே நன்றாகத் தெரியும், வாரம் தவறாமல் வசூலுக்கு ஆள் வருகிற தெரு அது. கடன் வாங்கினால் கையில் பணம் கூடும். பத்தைக் கொடுத்துப் பத்து ஒன்றை வாங்கினால் கூடவும் கூடாது, குறையவும் குறையாது. கழித்தலில் நடப்பது இரண்டாவதுதான். ஒரு தப்பான சொல்லை ஐம்பது வருஷமாகப் பிள்ளைகளின் தலையில் ஏற்றிவருகிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, "நாங்க எல்லாம் கடன் வாங்கித்தான டீச்சர் படிச்சோம்" என்று ஒருவர் சொல்லச் சிரிப்பு அடங்க நேரமானது.

பூக்காரப் பாட்டியின் பேரன் இரண்டு வாரம் கழித்து மறுபடியும் 100 − 75 போட்டான். நூறை மாற்றிப் பத்துப் பத்து, அதில் ஒரு பத்தை மாற்றிப் பத்து ஒன்று. "இதுக்கு ரெண்டு தடவை சில்லறைக்குப் போகணும் டீச்சர்" என்றான் சலிப்போடு. பாட்டி கடை வழிதான் சுலபம் என்பது அவன் கட்சி. எனக்கும் மறுக்கத் தோன்றவில்லை. எண்கோட்டில் 75இலிருந்து 80க்கு ஒரு தாவல், 80இலிருந்து 100க்கு ஒரு தாவல் என்று அவன் முறையைக் கரும்பலகையில் வரைந்து எல்லோருக்கும் காட்டினேன். எது வசதியோ அதில் போடலாம் என்று விட்டுவிட்டேன்.

‘எப்படிப் போட்ட?’ என்ற கேள்வியைப் பற்றி ஒரு விஷயம். தப்பு விடைக்கு மட்டும் கேட்டால் இரண்டே நாளில் பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். டீச்சர் எப்படி என்று கேட்டாலே தப்பு என்று அர்த்தம். உடனே விடையை அழித்துவிட்டு வேறு ஒன்றை எழுதிவிடுவார்கள். ரப்பர் தேய்கிற சத்தம் கேட்கும். ஆகவே சரியான விடைக்கும் கேட்க வேண்டும், சொல்லப்போனால் அதற்குத்தான் அதிகம் கேட்க வேண்டும். எங்கள் வகுப்பில் இது பழகச் சுமார் ஒரு பருவம் ஆனது. எல்லோரையும் தினமும் கேட்க முடியாது. மூன்று வகுப்பை வைத்துக்கொண்டு சாத்தியமில்லை. ஒரு நாளைக்கு இரண்டு பேர் என்று வைத்துக்கொண்டேன். மற்றவர்கள் கடையில் இருக்கும்போது, அவர்கள் மட்டும் என் பக்கத்தில் பாயில். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கடைக்கு வாடிக்கையாளராக அனுப்பிவிடுவேன், பத்து ரூபாய்க்குள் வாங்கலாம் என்று. அந்தப் பிஸ்கட் தாளைக் கடைசியில் வீட்டுக்கே எடுத்துப்போய்விடுவார்கள் என்பதை எதிர்பார்க்கவில்லை.

இப்படிக் கேட்டதில்தான் மற்றத் தப்புகளுக்குள்ளும் என்ன இருக்கிறது என்று தெரிந்தது. நூற்று ஏழை 1007 என்று எழுதுகிறவள் காதில் கேட்டபடி எழுதுகிறாள்: நூறு, பக்கத்தில் ஏழு. அவளுக்கு ‘100’ என்று எழுதிய நீள அட்டையின் மேல் ‘7’ என்ற சின்ன அட்டையைக் கடைசிச் சைபர் மறையும்படி வைத்துக் காட்டினேன். தூக்கிப் பார்த்தாள், கீழே சைபர் இருக்கிறது; வைத்தாள், மறைகிறது. பத்து தடவை தூக்கித் தூக்கிப் பார்த்தாள். பத்து நிமிஷத்து வேலை. அதற்கு முன்பு ஒரு வருஷமாக ‘நூத்தி ஏழு எழுது’ என்று இம்போசிஷன் கொடுத்துக்கொண்டிருந்தேன். தமிழ் எண்ணுப் பெயர்கள் வேறு பிள்ளைகளோடு விளையாடும்: எண்பது முடிந்ததும் ஒன்பதின் முறை என்று பார்த்தால் தொண்ணூறு வந்து நிற்கும், பெயருக்குள்ளேயே நூறை வைத்துக்கொண்டு. எண்பத்தொன்பதுக்கு அடுத்து நூறு என்று சொல்கிற பிள்ளையை நான் இப்போது அதட்டுவதில்லை.

அளவைப் பாடத்துக்கு ஈர்க்குச்சியும் வேண்டாம், நோட்டும் வேண்டாம். எங்கள் ஊரில் முழம் இருக்கிறது. பள்ளி வராண்டா எத்தனை முழம் என்று அளக்கச் சொன்னேன். முழங்கையை ஊன்றி, நடுவிரல் நுனியில் சாக்பீஸ் கோடு போட்டு, தவழ்ந்துகொண்டே போனார்கள். 29 என்றாள் ஒருத்தி, 31 என்றான் ஒருவன், 30 என்று இரண்டு பேர். தப்பாக அளந்துவிட்டதாக ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டார்கள். கடைசியில் நான் புடவையை இடுக்கிக்கொண்டு அளந்தேன். 23. எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"டீச்சர், நீங்க நடுவுல விட்டுட்டீங்க."

மறுபடி அளந்தேன். மறுபடி 23. அப்போது பூக்காரப் பாட்டியின் பேரன்தான் எழுந்து சொன்னான்: "அதான் எங்க பாட்டி என்னை அளக்க விடாது. நான் அளந்தா பூ கம்மியாப் போகும், ஆளுங்க சண்டைக்கு வந்துருவாங்க."

அரை நிமிஷம் அமைதி. அப்புறம் ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரோடு கையைச் சேர்த்துவைத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். கை சின்னதானால் முழம் கூடுதலாக வரும், பூவோ குறையும். இதைப் புத்தகத்தில் இருந்து எடுத்துச் சொல்லியிருந்தால் ஒரு நாள்கூட நின்றிருக்காது. யார் கையால் வாங்கினால் லாபம் என்று அன்று முழுக்கப் பேச்சு. நெட்டையான ஐந்தாம் வகுப்புப் பையனைக் கூட்டிவந்து அளக்கவைத்தார்கள். ‘அப்ப யார் அளந்தாலும் ஒண்ணாவே வரணும்னா என்ன செய்யிறது?’ என்று கேட்டு விட்டுவிட்டு, மீட்டர் அளவுகோலை நான் இரண்டு நாள் வெளியே எடுக்கவே இல்லை. முதல் நாளே எடுத்துக் காட்டிவிட வேண்டும் என்று கை துறுதுறுத்தது உண்மை. பிள்ளைகள் ‘டீச்சர் கையையே எல்லாரும் வெச்சுக்கலாம்’ என்றார்கள். டீச்சர் லீவு போட்டால் என்ன செய்வது என்று அவர்களே எதிர்க்கேள்வியும் கேட்டார்கள். என் கை அளவுக்கு ஒரு கயிறு வெட்டிச் சுவரில் தொங்கவிட்டார்கள். அதன் பிறகு மீட்டர் கோலைக் கொண்டுவந்தபோது, "இது யார் கை டீச்சர்?" என்று ஒரு குட்டி கேட்டது.

தமிழில் நான் செய்தது கொஞ்சம்தான். காலையில் யாராவது ஒருவர் ஊர்ச் செய்தி சொல்வார். ‘நேத்து எங்க ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சு’ என்றால், அப்படியே, பிள்ளை சொன்ன வார்த்தையிலேயே பலகையில் எழுதுவேன். தன் வாயிலிருந்து வந்ததைப் பலகையில் பார்க்கும்போது, எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையும் அதைப் படித்துவிடும். மனப்பாடம் பாதி, எழுத்து பாதி. மறுநாள் அதையே புத்தகத் தமிழில் மாற்றுவோம்: நேற்று எங்கள் ஆடு இரண்டு குட்டி போட்டது. பார்வைக்கு வந்த ஓர் அதிகாரி பலகையில் ‘போட்டுச்சு’வைப் பார்த்துவிட்டு, ஆசிரியரே கொச்சையாக எழுதலாமா என்று கேட்டுவிட்டுப் போனார். பக்கத்தில் இருந்த இரண்டாம் வரியை அவர் படிக்கவில்லை. இப்போதும் அப்படித்தான் எழுதுகிறேன், முதல் வரிக்கு வேறு நிறச் சாக்பீஸ் மட்டும்.

எங்கள் பக்கத்தில் பெரியவர்களே ‘மளை’ என்றுதான் சொல்வார்கள். பிள்ளை ‘மளை’ என்று எழுதினால் அது காதில் கேட்டதைத் துல்லியமாக எழுதியிருக்கிறது. நாக்கு பிறகு பழகட்டும், மழை, வாழை, கோழி, குழி என்று கண்ணில் அடிக்கடி படும்படி சுவரில் தொங்கவிட்டேன். பாதிப் பேருக்கு வந்தது. ‘மல்லி’க்கு வருகிற ‘ல்’லும் ‘பள்ளி’க்கு வருகிற ‘ள்’ளும் மட்டும் இன்றுவரை மாறி மாறித்தான் வருகின்றன.

வருஷ முடிவில் பதினொரு பேரில் எட்டுப் பேர் சில்லறை மாற்றிக் கழித்தார்கள். இரண்டு பேர் ஈர்க்குச்சி கையில் இருந்தால் போடுவார்கள், இல்லையென்றால் பழைய 35தான். ஒருவன் மாசி, பங்குனியில் அடிக்கடி வரவில்லை. அவனுக்கு நான் செய்தது போதாது. நேரத்தையும் மாற்றிப் பார்த்தேன். விடியலில் எழுந்த பிள்ளைக்கு முதல் பாடவேளையில் கண் சொக்கும், கணக்குக் கடையைப் பத்தரைக்கு மேல்தான் திறப்பேன். 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எங்களைப் போன்ற ஊர்ப் பள்ளிகளுக்கும் வந்தபிறகு இந்தச் சொக்கல் நன்றாகவே குறைந்தது.

கடை இந்த வருஷமும் நடக்கிறது. காலண்டர் தாள் நோட்டுகள் கந்தலாகி, புதுப் பிள்ளைகள் புதிதாக வரைந்தார்கள். இவர்களுக்கு ஒரு பிடிவாதம்: ஐம்பது ரூபாய் நோட்டும் ஐந்நூறு ரூபாய் நோட்டும் வேண்டுமாம். ஒன்று, பத்து, நூறு என்று பத்துப் பத்தாக ஏறினால்தான் இடமதிப்பு விளங்கும், ஐம்பது நடுவில் வந்தால் குழம்பிவிடும் என்று நான் விடாமல் இருக்கிறேன். "ஐம்பது ரூபா நோட்டு இல்லாத கடை எங்க டீச்சர் இருக்கு?" என்று கேட்கிறார்கள். நேற்று சில்லறைக்காரர் பெட்டியில் யாரோ வரைந்து போட்ட ஐம்பது ரூபாய் நோட்டு ஒன்று கிடந்தது. இன்னும் எடுக்கவில்லை.